பம்பை நிறுத்திய பிறகு

ஒரு சுரங்கத்தை மூடுறது எண்டால், வேலை முடிஞ்சுது, கேற்றைப் பூட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் பலர் நினைக்கிறோம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள பியூட் நகரத்தின் வரலாறு அப்படியில்லை.

பியூட் செம்பால் வளர்ந்த ஊர். நிலத்துக்கடியில் சுரங்கம் தோண்டிவந்த அனகொண்டா கம்பனி, 1955இல் பெர்க்லி குழி என்ற திறந்த குழியை வெட்டத் தொடங்கியது. குழி பெருக்கப் பெருக்க, மீடர்வில் என்ற குடியிருப்பே அதற்குள் போய்விட்டது. தோண்டியது நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே. அதனால் ஊறி வரும் தண்ணியை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். செம்பு விலை விழுந்தது, கம்பனி கைமாறியது. 1982 ஏப்ரலில் பம்புகளை நிறுத்தினார்கள். அதே வருடம் குழியில் வேலையும் நின்றது.

தண்ணி நிற்கவில்லை. முதலில் சுரங்கங்களை நிரப்பியது, பிறகு குழிக்குள் ஏறியது. அங்குள்ள பாறையில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருக்கிறது. அதில் காற்றும் தண்ணியும் பட்டால் சல்பூரிக் அமிலம் உண்டாகும். அந்த அமிலம் செம்பு, நாகம், ஆசனிக் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு வரும். 1995இல் அந்த ஏரியில் இறங்கிய பனி வாத்துகளில் 342 செத்துக் கிடந்தன.

சரி, இந்தத் தண்ணி எங்கே போகும்? கண்ணால் பார்த்துச் சொல்ல ஏலாது. அதனால் பழைய சுரங்கக் குழாய்களிலும் கண்காணிப்புக் கிணறுகளிலும் நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளந்தார்கள். கணக்கு எளிமையானதுதான்: நிலத்தடி நீர் உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்கு ஓடும். சுற்றுவட்டாரத்தில் குழியின் மட்டம்தான் தாழ்வு என்றால், கசிவு எல்லாம் உள்ளே வரும். அது உயர்ந்துவிட்டால் நஞ்சு வெளியே, சில்வர் போ ஓடைப் பக்கம் போகும். 1994இல் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் கடல் மட்டத்திலிருந்து 5,410 அடியை எல்லையாக வைத்தது. 2019இலிருந்து குழித் தண்ணியை இறைத்து, சுத்திகரித்து ஓடையில் விடுகிறார்கள்.

இதற்கு முடிவுத் திகதி கிடையாது. நிறுத்திய பம்புக்குப் பதிலாக இன்னொரு பம்ப், அதுவும் காலம் முழுக்க! செம்பு எடுத்தது சில தலைமுறை. தண்ணியைக் காவல் காக்க வேண்டியது இன்னும் பிறக்காத தலைமுறைகளும்தான்.

சுரங்க வரலாற்றை எழுதும்போது எத்தனை தொன் எடுத்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்றுதான் கணக்குப் பார்க்கிறோம். மூடிய நாளோடு அந்தக் கணக்கை முடித்துவிடவும் செய்கிறோம். இனி எந்த ஊரில் எந்தக் குழி தோண்ட வந்தாலும் முதல் நாளே கேட்க வேண்டியது இதுதான்: நீங்கள் போன பிறகு தண்ணியை யார் இறைக்கிறது? எத்தனை வருசத்துக்கு? யாருடைய காசில்?