'டிசி வாங்கிட்டுப் போங்க' என்று பள்ளி சொன்னால் என்ன செய்யலாம்?
"பையன் சேட்டை தாங்கல, படிப்பும் ஏறல. டிசி வாங்கிட்டுப் போங்க." பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு பக்கம் உங்களுக்கு இப்படி அழைப்பு வந்தால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படிங்க.

8ஆம் வகுப்பு வரை நீக்கலாமா?
கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 16 அதைத் தடுக்கிறது. அடிப்பதற்கும் மனதை நோகடிப்பதற்கும் பிரிவு 17இன்படி தடை உண்டு. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும், 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால், இச்சட்டம் பொருந்தாது.

ஏற்கெனவே நின்றுவிட்டால்?
வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விடுபட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது பிரிவு 4.

8ஆம் வகுப்புக்குப் பிறகு?
இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் வழி இருக்கு.

* ஐடிஐ: 14 வயது நிரம்பி 8ஆம் வகுப்பு முடித்தால் வெல்டர், வயர்மேன் பிரிவுகளில் சேரலாம். அரசு ஐடிஐயில் கட்டணமில்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு.
* தேசிய திறந்தநிலைப் பள்ளி: 14 வயதிலிருந்து 10ஆம் வகுப்புக்குப் பதியலாம். 5 ஆண்டுகளில் 9 முறை தேர்வெழுதலாம்.

கவனிக்க: நீங்களே கேட்டு டிசி வாங்கியதாகப் பதிவானால், பள்ளிதான் நீக்கியது என நிரூபிப்பது கஷ்டம். முதலில் கல்வி உதவி எண் 14417 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்க.