தாடையைத் தளர்த்து, கையைத் தளர்த்து

கேரள மாநிலப் பள்ளி விளையாட்டுப் போட்டி திருவனந்தபுரத்தில் நடக்கும் வருடங்களில், ரயில் நிலையம் இருக்கும் தம்பானூரைப் பார்க்க வேண்டும். வடக்கிலிருந்து வரும் ஒவ்வொரு ரயிலிலும் ஸ்பைக்ஸ் பையும் பக்கெட்டுமாகப் பிள்ளைகள் இறங்குவார்கள். பேருந்து நிலையத்தை ஒட்டி கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் ஜெர்சிகளால் நிறைந்துவிடும். திருகலாக மேலே ஏறும் அந்தச் செங்கல் கட்டடத்தில், ஒரு மேஜையில் நாலு பேர் பீட்ரூட் மசாலா வைத்த தோசையை ஒரு கை பார்ப்பார்கள். ஐந்தாமவன் மட்டும் விரலால் தோசையைக் கிள்ளிக்கொண்டிருப்பான். அவனுக்குத்தான் மறுநாள் நூறு மீட்டர் என்று ஊகித்துக்கொள்ளலாம். “டென்ஷன் அடிக்காதடா மோனே” என்பார் கூட வந்த மாஸ்டர். இந்த அறிவுரையால் யாருக்காவது டென்ஷன் குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க உருப்படியான ஒரு வித்தை இருக்கிறது. உடம்பை இறுக்கி, பிறகு தளர்த்தும் பயிற்சி. அது பிறந்தது மைதானத்தில் அல்ல, ஒரு சோதனைக்கூடத்தில்.

1908இல் ஹார்வர்டில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற இளைஞர், எதிர்பாராத நேரத்தில் ‘டமால்’ என்று சத்தம் எழுப்பினால் மனிதர்களுக்கு எப்படித் தூக்கிவாரிப்போடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். உடம்பை நன்றாகத் தளர்த்தி உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் அந்தச் சத்தத்துக்கு அசையவில்லை. மனம் பதறினால் தசை இறுகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தசையைத் தளர்த்தினால் மனப்பதற்றமும் இறங்குமா என்று ஜேக்கப்சன் தலைகீழாகக் கேட்டார். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 1929இல் தன் முறையை நூலாக வெளியிட்டார்; தசைகளில் எழும் நுண்ணிய மின் அழுத்தத்தையும் கருவி வைத்து அளந்தார்.

செய்முறை எளிது. முஷ்டியைச் சில விநாடி இறுக்கி, சட்டென்று விட வேண்டும். இறுகியபோது முன்கையில் எங்கே இழுத்தது, விட்டபோது அங்கே என்ன ஆனது என்று கவனிக்க வேண்டும். அடுத்து மேல்கை, தோள், நெற்றி, தாடை, வயிறு, தொடை, கெண்டைக்கால். பலருக்குத் தங்கள் தாடை நாள் முழுக்க இறுகிக் கிடப்பதே அப்போதுதான் தெரியவரும்.

இது நம் சவாசனம்தானே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஹட யோக பிரதீபிகையிலேயே சவாசனம் உண்டு. அது 15ஆம் நூற்றாண்டு நூல். முன்னோர் பெருமையை மறுக்கவில்லை. ஆனால் சவாசனத்தை நாம் அமைதியான அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். பந்தயக் களத்தில் அமைதி ஏது?

சத்தத்துக்கு நடுவே தளர்வது எப்படி என்ற பாடம் போரிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பட் வின்டர் என்ற ஓட்டப்பயிற்சியாளர் கலிபோர்னியாவில் கடற்படை விமானிகளுக்குப் பயிற்சி தரப் போனார். தூக்கமும் நிதானமும் இழந்த விமானிகள் வானத்தில் தவறு செய்துகொண்டிருந்தார்கள். முகம், தோள், கை, கால் என்று வரிசையாகத் தளர்த்தி, மனதையும் சில விநாடி வெறுமையாக்கி, இரண்டே நிமிடத்தில் தூங்க அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆறு வாரப் பயிற்சிக்குப் பின் 96 சதவீதம் பேர் இரண்டு நிமிடத்தில் தூங்கினார்கள், இயந்திரத் துப்பாக்கிச் சத்தத்தின் பதிவை ஓடவிட்டபோதும் தூங்கினார்கள் என்று பிற்பாடு தன் புத்தகத்தில் எழுதினார். அந்த எண்ணுக்கு அவர் சொல்லே சாட்சி; கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளலாம். வின்டர் வேலை பார்த்த சான் ஹோசே கல்லூரியிலேயே டோரதி யேட்ஸ் என்ற உளவியல் பேராசிரியை அதற்குள் குத்துச்சண்டை மாணவர்களுக்குத் தளர்வுப் பயிற்சி கொடுத்து, 1943இல் கட்டுரையும் வெளியிட்டிருந்தார். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை.

போர் முடிந்ததும் வின்டர் தன் தளர்வு முறையை ஓட்டப் பாதைக்குக் கொண்டுவந்தார். ‘தாடையைத் தளர்த்து, கையைத் தளர்த்து’ என்பது அவர் ஓயாமல் சொன்ன வாசகம். பல்லைக் கடித்து ஓடுபவனுக்குத் தோள் மேலேறும், எட்டு வைக்கும் தூரம் குறுகும், முன்னே தள்ளும் தசையோடு பின்னே இழுக்கும் தசையும் சேர்ந்து இறுகும். அதனால் முழு மூச்சில் ஓடாதே, பத்தில் ஒன்பது பங்கில் ஓடு என்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்கள் டாமி ஸ்மித் 200 மீட்டரை 19.83 விநாடியிலும், லீ எவன்ஸ் 400 மீட்டரை 43.86 விநாடியிலும் ஓடித் தங்கம் வென்றார்கள்.

இதை மந்திரமாக நினைத்துவிட வேண்டாம். 1960 ரோம் ஒலிம்பிக்குக்கு நட்சத்திரமாகப் போன ரே நார்ட்டனும் வின்டரின் மாணவர்தான். 100 மீட்டர் இறுதியில் கடைசி, 200 மீட்டர் இறுதியிலும் கடைசி. தொடரோட்டத்தில் அவர் அவசரப்பட்டுக் கிளம்பியதில் அமெரிக்க அணியே தகுதி இழந்தது. அதே ரோமில்தான் மில்கா சிங் 400 மீட்டரில் நான்காவதாக வந்தார்.

நான்காம் இடத்தின் வலி கேரளத்துக்கும் புதிதல்ல. 1984 ஆகஸ்ட் 8, லாஸ் ஏஞ்சல்ஸ், 400 மீட்டர் தடையோட்டத்தின் இறுதி. பி.டி. உஷா சிட்டாகப் பாய்ந்து கிளம்பினார். ஆனால் ஆஸ்திரேலியாவின் டெபி ஃப்ளின்டாஃப் தவறாகக் கிளம்பியதால் எல்லோரையும் திரும்ப அழைத்துவிட்டார்கள். இரண்டாவது முறை அந்த வேகம் கூடிவரவில்லை. உஷா 55.42, வெண்கலம் வென்ற ருமேனியாவின் கோஜோகாரு 55.41. தோல்விக்குக் காரணம் பதற்றம்தான் என்று நான் சொல்ல வரவில்லை. நூற்றில் ஒரு விநாடிக்கு நூறு காரணம் சொல்லலாம். ஆனால் ஒரு முறை முறுக்கேறிய உடம்பை அந்த இடைவெளியில் தளர்த்தி மறுபடி கோட்டுக்குக் கொண்டுவருவது தனித் திறமை. அதற்கும் பயிற்சி வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1985இல், தம்பானூரிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி தொடங்கியது. உடற்கல்விப் பட்டப்படிப்பில் இன்று விளையாட்டு உளவியல் ஒரு பாடம். படித்துவிட்டு வரும் பி.டி. மாஸ்டர்களுக்கு ஜேக்கப்சனைத் தெரிந்திருக்கும். ஆனால் பள்ளி மைதானத்தில் ஸ்டார்ட்டும் ஸ்ட்ரைடும் பழக்க நேரம் ஒதுக்குகிறவர்கள், தளர்வுப் பயிற்சிக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவது அபூர்வம்.

மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதற்கு ஒரு பாய் போதும், கருவி வேண்டாம். வின்டர் தன் விமானிகளுக்கு எடுத்துக்கொண்டது ஆறு வாரம். மீட் நவம்பரில் என்றால் செப்டம்பர் கடைசியிலாவது ஆரம்பித்துவிடுங்கள். முதலில் அமைதியான வகுப்பறையில் செய்யட்டும்; கைவந்த பிறகு மற்ற பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும் மைதானத்திலேயே செய்யச் சொல்லுங்கள். போட்டிக்கு முந்தின ராத்திரி காபி ஹவுஸில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் ஏறாது.