வெட்டவெளியில் ஒரு வெற்றிக்களம்

விளையாட்டு என்னும் பொருளைத் தரும் உரிச்சொற்களாகக் கெடவரல், பண்ணை என்னும் இரண்டினைத் தொல்காப்பியர் உரியியலில் சுட்டுகின்றார். ஆட்டத்தின் பெயரைப் பேணிய தமிழ் மரபில், ஆட்டம் நிகழ்ந்த களங்களின் வரலாற்றை எழுதிவைக்கும் வழக்கம் அத்துணையாக வளரவில்லை. மன்னர் பொருத போர்க்களங்களைப் போலவே மக்கள் ஆடிய களங்களும் ஒரு நாட்டின் வரலாற்றைச் சொல்லவல்லவை. இதற்குத் தக்க சான்றாக விளங்குவது, கல்கத்தா மைதானத்தில் ஆங்கிலேயர் அமைத்த கால்பந்துக் களமாகும்.

அம்மைதானத்தின் பிறப்பே போரோடு தொடர்புடையது. 1757ஆம் ஆண்டு பிளாசிப் போருக்குப் பின்னர் ஆங்கிலேயர் புதிய வில்லியம் கோட்டையை எழுப்பினர். கோட்டைப் பீரங்கிகள் தடையின்றிச் சுடுவதற்காகச் சுற்றிலும் இருந்த காடு அழிக்கப்பட்டது. கோவிந்தபூர் என்னும் சிற்றூரும் அகற்றப்பட்டது. இவ்வாறு உண்டான வெட்டவெளியே பின்னாளில் ஆடுகளங்களின் தொகுதியாயிற்று. அந்நிலம் இராணுவத்தின் பொறுப்பில் இருந்தமையால் அங்கு நிலையான அரங்கம் எழுப்ப இயலவில்லை. ஆகவே கல்கத்தா கால்பந்துக் கழகத்தின் களத்தில் ஓங்கிய கற்படிகள் இல்லை. உறுப்பினர்க்கு இருக்கைகள் இருந்தன. ஏனையோர் நின்றும் மரங்களில் ஏறியும் ஆட்டம் கண்டனர்.

இந்தியக் கால்பந்துச் சங்கம் 1893இல் தோன்றியது. அவ்வாண்டிலேயே அதன் கேடயப் போட்டியும் தொடங்கிற்று. பதினெட்டு ஆண்டுகளாக எந்த இந்தியக் குழுவும் அக்கேடயத்தை வென்றதில்லை. 1911 சூலை 29ஆம் நாள், 1889இல் நிறுவப்பெற்ற மோகன் பாகன் கழகம் இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவை எதிர்கொண்டது. இந்தியர் பதினொருவருள் சுதீர் சாட்டர்ஜி ஒருவரே காலணி அணிந்திருந்தார். மற்றப் பதின்மரும் வெறுங்காலினர். முதல் கோலை ஆங்கிலேயர் அடித்தனர். தலைவர் சிப்தாஸ் பாதுரி அதனைச் சமன்செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் அடித்த கோல் வெற்றியைத் தந்தது. களத்தை நெருங்க இயலாத மக்களுக்கு, பட்டங்களைப் பறக்கவிட்டுக் கோல் நிலையை அறிவித்தனர் என்பர்.

1905இல் வங்கம் பிரிக்கப்பட்டதால் எழுந்த கொதிப்பு அடங்காத காலம் அது. அதே 1911 திசம்பரில் பிரிவினை நீக்கப்பட்டதும், தலைநகர் தில்லிக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டதும் உண்மையே. எனினும் ஒரு கால்பந்தாட்டமே இவற்றுக்குக் காரணமென்று கூறுவது வரலாறாகாது. ஆங்கிலேயர் தமக்கே உரியதெனக் கருதிய ஆட்டத்தில், அவர்தம் விதிகளின்படியே, அவர்தம் களத்திலேயே அவரை வெல்லலாம் என்பதை மக்கள் கண்ணாரக் கண்டனர். அதுவே அவ்வெற்றியின் பொருள்.

ஆயினும் அவ்வெற்றி எல்லாக் கதவுகளையும் உடனே திறந்துவிடவில்லை. 1898இல் தொடங்கிய கல்கத்தா லீக்கின் முதற்பிரிவில் மோகன் பாகன் இடம்பெற 1915 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த லீக்கை வென்ற முதல் இந்தியக் குழு என்னும் பெருமை 1934இல் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்துக்குக் கிட்டியது. ஒரு மாலையில் பெற்ற வெற்றி உரிமையாக மாறப் பல்லாண்டுகள் பிடித்தன என்பது கருதத்தக்கது.

இவ்விடத்தில் வீராம்பட்டினத்தின் ஆடித் தேரை ஒப்புநோக்கலாம். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் செங்கழுநீர் அம்மன் தேரின் வடத்தை ஆளுநரே தொட்டு இழுத்துத் தொடங்கிவைத்தார். துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கும் இன்றைய வழக்கம் அதன் தொடர்ச்சியாகும். இங்கே ஆள்வோர் மக்களின் வீதிக்கு வந்து அவர்தம் வடத்தில் கைவைத்தனர். கல்கத்தாவிலோ, ஆளப்பட்டோர் ஆள்வோரின் களத்துக்குள் வெறுங்காலுடன் புகுந்தனர். முன்னது மக்களின் மரபுக்கு ஆட்சி அளித்த மதிப்பு. பின்னது மக்கள் தாமே வென்றெடுத்த மதிப்பு.

கல்கத்தா கால்பந்துக் கழகம் 1965இல் அந்நகரின் கிரிக்கெட் கழகத்தோடு இணைந்தது. பழைய களமோ மோகன் பாகனின் களமாயிற்று. சூலை 29 இன்றும் மோகன் பாகன் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பீரங்கிக்கென வெட்டப்பட்ட வெளி, பந்து உருளும் புல்தரையாகி, வென்றவர் கைக்கே வந்துசேர்ந்த இவ்வரலாறு, கல்வெட்டுகளுக்குரிய மதிப்போடு பேணத்தக்கதாகும்.