வயசானா பல்லு ஆடுமா? 480 தமிழர்களின் வாய் சொன்ன பதில்

பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போறவங்க சுகர் மாத்திரை வாங்க வர்றப்ப, வாயையும் திறந்து காட்டச் சொல்வேன். ஈறு வீங்கியிருக்கும், பல் ஆடும். கேட்டா ஒரே பதில்தான்: "நாப்பது தாண்டிருச்சுல்ல சார், ஆடத்தானே செய்யும்."

உண்மையா? மருத்துவ உலகத்துக்கு இதுக்கான பதிலைத் தந்ததே நம்ம சொந்தங்கள்தான். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

1965. டென்மார்க்கில் ஹரால்ட் லோ குழுவினர், 12 பேரைப் பல் துலக்காமல் இருக்க வைத்து ஆராய்ந்த முடிவை வெளியிட்டார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. திரும்பத் துலக்கியதும் சரியானது. பல்லில் படியும் கிருமிப் படலம்தான் காரணம் என்று நிரூபணமானது.

சரி, வருஷக்கணக்கா துலக்காமலே விட்டா? யாரையும் அப்படி இருக்கச் சொல்ல முடியாது. ஏற்கெனவே அப்படி இருப்பவர்களைத்தான் தேடணும். 1970-ல் லோ குழு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனது. 480 ஆண் தொழிலாளர்கள். தமிழர்கள். பிரஷ் கிடையாது, பல் மருத்துவர் கிடையாது. ஆனா சொத்தைப் பல்லும் கிட்டத்தட்ட இல்லை. அதனால பல் விழுந்தால் காரணம் ஈறு நோய்தான் என்று சொல்லிவிட முடிந்தது.

ஒப்பிட்டது யாரோடு? ஒஸ்லோவின் மாணவர்கள், கல்வியாளர்கள். 40 வயதை நெருங்கும்போது ஈறின் பிடிமானம் அங்கே சராசரியா 1.5 மி.மீ. இறங்கியிருந்தது. தோட்டத்தில் 4.5 மி.மீ. வயசு ஒண்ணுதான். பராமரிப்புதான் வேற.

15 வருஷம் தொடர்ந்து பார்த்து, 1986-ல் வெளியிட்ட முடிவு இன்னும் முக்கியம். ஈறு வீக்கம் ஏறக்குறைய எல்லோருக்கும் இருந்தது. ஆனா 8% பேருக்கு நோய் வேகமாகப் பரவி, 45 வயதுக்குள் எல்லாப் பல்லும் போச்சு. 81% பேருக்கு மிதமான வேகத்தில் பரவியது. 11% பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது.

இன்று உலகம் முழுக்கப் பல் மருத்துவ மாணவர்கள் இந்த மூன்று எண்களைப் படிக்கிறார்கள். அந்த லயங்களில் பிரஷ்ஷும் மருத்துவரும் இல்லாததுதான் ஆய்வுக்கே தேவையாக இருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு உறுத்தும்.

அதே வருஷங்களில்தான் 1964 ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழர்கள் கப்பலேறி இந்தியா வந்தார்கள். கொடைக்கானல் மலைகளுக்கும் கூலி வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வாய் சொன்ன பாடம், அவர்கள் பேரப்பிள்ளைகளுக்காவது பயன்படணும்.

நீங்க அந்த 8%-ல் இருக்கீங்களா என்று ஈறைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதனால:

துலக்கும்போது ரத்தம் வந்தா துலக்குறதை நிறுத்தாதீங்க. காலை, இரவு மெதுவா துலக்குங்க.

படிந்து இறுகிய காரை பிரஷ்ஷுக்குப் போகாது. பல் மருத்துவர்தான் எடுக்கணும். "கிளீன் பண்ணா பல்லு ஆடும்" என்பது பொய். ஆட வைப்பது காரைக்கு அடியில் நடக்கும் எலும்புத் தேய்மானம்.

சுகர், பீடி, சிகரெட் இருந்தா ஆபத்து கூடும்.

போன எலும்பு முழுசா திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தலாம்.

பல்லு ஆடுறது வயசால இல்லைங்க. கவனிக்க ஆள் இல்லாததால.