திருப்பூர் மாநகராட்சி விரிவாக்கமும் செலவுப் பகிர்வும்

திருப்பூர் மாநகராட்சி விரிவாக்கம் என்பது 2011ஆம் ஆண்டில் திருப்பூர் நகரைச் சூழ்ந்திருந்த உள்ளாட்சி அமைப்புகள் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டதைக் குறிக்கும். இதன் பின்னர் குடிநீர், பாதாள சாக்கடை, சாலை ஆகியவற்றுக்கான செலவைப் பழைய நகரத்தாரும் புறநகரத்தாரும் ஒரே நிதியிலிருந்து பகிர்ந்துகொள்ளும் நிலை ஏற்பட்டது.

பின்னணி

1917இல் நகராட்சியான திருப்பூர், 2008இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. பின்னலாடைத் தொழில் வளர்ந்தபோது பனியன் நிறுவனங்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் நகர எல்லைக்கு வெளியே பரவின. அங்கிருந்தோர் நகரின் சாலைகளையும் சந்தைகளையும் பயன்படுத்தினர். வரியையோ தம் ஊராட்சிக்கே செலுத்தினர்.

2011இல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும், ஆண்டிபாளையம், வீரபாண்டி, நெருப்பெரிச்சல், மண்ணரை உள்ளிட்ட எட்டு ஊராட்சிகளும் இணைக்கப்பட்டன. சுமார் 27 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பளவு சுமார் 160 சதுர கிலோமீட்டராக உயர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பழைய எல்லைக்குள் 4,44,352 பேரும், விரிந்த எல்லைக்குள் 8,77,778 பேரும் வசித்தனர். மாநகராட்சி 60 வார்டுகளாகவும் நான்கு மண்டலங்களாகவும் பிரிக்கப்பட்டது.

செலவின் தன்மை

மக்கள்தொகை ஏறத்தாழ இரு மடங்கானபோது பரப்பளவு ஆறு மடங்கானது. வீடுகள் தள்ளித்தள்ளி அமைந்த பகுதியில் ஓர் இணைப்புக்குத் தேவைப்படும் குழாயின் நீளம் மிகுதி. ஆகவே செலவும் மிகுதி. முன்பே பாதாள சாக்கடை பெற்றிருந்த பழைய நகரத்தார், தம் வரி புறநகருக்குச் செல்வதாகக் கருத இடமுண்டு. புறநகரத்தாரோ, வசதி வந்துசேரும் முன்னரே மாநகராட்சி வரி வந்துவிடுவதாகக் கருதலாம். ஊரக வேலை உறுதித் திட்டம் போன்ற ஊராட்சிகளுக்குரிய பயன்களும் இணைப்புக்குப் பின் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

பகிர்வு முறைகள்

சொத்து வரி: கட்டடங்களின் வரி இடத்திற்கேற்ப வேறுபடுகிறது. 2022இல் தமிழ்நாடு அரசு வரியை உயர்த்தியபோது, சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 50 விழுக்காடும், 2011இல் சென்னையுடன் இணைந்த பகுதிகளில் 25 விழுக்காடும் உயர்வு அறிவிக்கப்பட்டது. திருப்பூர் உள்ளிட்ட பிற மாநகராட்சிகளில் இத்தகைய பிரிவு இன்றி, அவ்வீடுகளுக்கு 25 விழுக்காடு உயர்வே அறிவிக்கப்பட்டது.

பயன்பாட்டுக் கட்டணம்: 1995இல் தொடங்கப்பட்ட புதிய திருப்பூர் வட்டார வளர்ச்சிக் கழகம், பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீர் கொண்டுவரும் திட்டத்தை நிறைவேற்றியது. இதில் தொழிற்சாலைகளுக்கு உயர்ந்த கட்டணமும், நகர வீடுகளுக்கும் சுற்றுப்புற ஊர்களுக்கும் குறைந்த கட்டணமும் வகுக்கப்பட்டன. சாயப்பட்டறைகள் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தத் தொடங்கியதாலும், 2011இல் நீதிமன்ற ஆணையால் மூடப்பட்டதாலும் தொழிற்சாலைகளின் நீர்த்தேவை குறைந்தது. ஒரு சாராரின் கட்டணத்தைக் கொண்டு மற்றவர் செலவை ஈடுசெய்யும் முறையின் வரம்பை இது காட்டுகிறது.

அரசு மானியம்: அம்ருத் போன்ற திட்டங்களின் வழியாக ஒன்றிய, மாநில அரசுகள் மூலதனச் செலவில் ஒரு பங்கை ஏற்கின்றன. எனினும் பராமரிப்புச் செலவு உள்ளூர் வரி, கட்டணம் ஆகியவற்றையே பெரிதும் சார்ந்துள்ளது.