மூக்குக்கு நாள் பார்த்த கதை

போன வருஷம் வைகாசியில கீழச்சிவல்பட்டிக்குப் போயிருந்தேன். ரெண்டாங்கட்டுல உக்காந்து எல்லாரும் காபி குடிச்சிட்டிருந்தோம். ஆச்சி மகள் டம்ளரைக் கீழே வச்சிட்டு ரொம்ப சாதாரணமாக் கேட்டாள்.

"அம்மான், ஆவணி நாலு கல்யாணம். ஆடி பத்துல மூக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டா நடுவுல இருபத்தஞ்சு நாள் இருக்கு. போதும்ல?"

ஒரு நிமிஷம் யாரும் பேசலை. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல பேசினாங்க. எங்க ஆத்தாவுக்கு ஆபரேஷன்கூடப் பெரிசாப் படலை. "ஆடியிலயா?"ன்னுதான் முதல் கேள்வி. ஆச்சி பஞ்சாங்கத்தை எடுத்துட்டு வந்துட்டாள். "உன் மூக்குக்கு என்னடி கொறச்சல், வைர மூக்குத்தி போட்டா எடுப்பா இருக்கும்"னு ஆத்தா ஒரு தீர்ப்பும் சொல்லியாச்சு.

குறைச்சல் ஒண்ணும் பெரிசில்லைதான். பன்னெண்டு வயசுல படியில விழுந்து மூக்குல அடி. வீக்கம் வடிஞ்சா சரியாயிரும்னு நாங்கதான் விட்டுட்டோம். வீக்கம் வடிஞ்சது, தண்டுல ஒரு மேடு நின்னுபோச்சு. உடைஞ்ச மூக்கெலும்பை நேராக்கணும்னா ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள பண்ணணும், பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம் கூடிப்போகும்னு எனக்கு இப்பத்தான் தெரியும். அந்த நாளை விட்டா, வளர்த்தி முடியும்வரைக்கும் காத்திருக்கச் சொல்வாங்க. பொம்பளைப் பிள்ளைக்குப் பதினஞ்சு பதினாறு, ஆம்பளைப் பசங்களுக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷம் கூட. அதாவது, இந்த மூக்குக்கு ஒரு நாளை நாங்க ஏற்கனவே தவறவிட்டிருக்கோம்.

ஆனா எனக்குச் சிரிப்பு வந்தது அந்த "இருபத்தஞ்சு நாள்" கணக்கைக் கேட்டு. மூக்கு ஆபரேஷன் சரித்திரத்துல ரொம்பப் பிரபலமான எண் அது. அவளுக்குத் தெரியாது. அன்னிக்கு ராத்திரி முகப்புல உக்காந்து அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதறேன்.

முதல்ல நம்ம ஊர்ப்பக்கத்துக் கதை. "மூக்கறுபட்டான்"னு நாம சும்மா சொல்றது ஒரு காலத்துல வெறும் பேச்சு இல்லை. மதுரையில திருமலை நாயக்கர் (ஆட்சி 1623-1659) கடைசிக் காலத்துல நோயில் கிடந்தப்போ, மைசூர் கண்டீரவ நரசராஜனின் படை சத்தியமங்கலம் வழியா இறங்கி வந்தது. வர்ற வழியெல்லாம் அகப்பட்டவங்க மூக்கை மேலுதட்டோட அறுத்து மூட்டை கட்டி அனுப்பினாங்க. மதுரையைக் காப்பாத்த ராமநாதபுரத்துலேருந்து ரகுநாத சேதுபதி 25,000 பேரோட வந்தார். அரசி கேட்டுக்கொண்டதற்காக வந்ததால "ராணி சொல் காத்தான்"னு பட்டம். அப்புறம் மதுரைப்படை மைசூருக்குள்ள போய் அதே வேலையைத் திருப்பிச் செஞ்சது. அதனாலதான் அதுக்கு மூக்கறுப்புப் போர்னு பேர். அந்தக் காலத்துல இங்கே இருந்த பாதிரியார் புரோயென்சா எழுதின கடிதத்துல இது விவரமா இருக்கு. ஆளைக் கொல்றதைவிட மூக்கை எடுத்து உயிரோட அனுப்பறது பெரிய தண்டனைன்னு ரெண்டு பக்கமும் நினைச்சிருக்காங்க. முகத்துல அவமானத்தை எழுதி ஊருக்குள்ள நடமாட விடறது. சூர்ப்பணகைக்கும் அதேதான் நடந்தது. காரைக்குடி கம்பன் விழாவுக்குப் போறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த மைசூரையே எடுத்துக்குங்க. 130 வருஷத்துக்கு மேல கழிச்சு, திப்பு சுல்தான் காலம். 1792-ல் முடிஞ்ச போர்ல இங்கிலீஷ் படைக்கு மாட்டுவண்டி ஓட்டின காவஸ்ஜிங்கற ஒருத்தர் திப்பு ஆட்கள்கிட்ட மாட்டிக்கிட்டார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பிட்டாங்க. அவர் சுமார் ஒரு வருஷம் மூக்கில்லாமலே இருந்தார். பிறகு 1793-ல் புனே பக்கத்துல செங்கல் அறுக்கிற சாதியைச் சேர்ந்த ஒருத்தர் அவருக்குப் புது மூக்கு வச்சுவிட்டார். பம்பாய் ராஜதானியைச் சேர்ந்த ரெண்டு வெள்ளைக்கார டாக்டர்கள் பக்கத்துல நின்னு பார்த்தாங்க. அந்த ரெண்டு பேர் பேரும் தெரியும். கத்தி பிடிச்சவர் பேரை மட்டும் யாரும் எழுதி வைக்கலை. (இதுல எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு.)

எப்படிச் செஞ்சார்னு 1794 அக்டோபர்ல லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' விவரமாப் போட்டது. மெழுகைத் தகடாத் தட்டி, அறுந்த மூக்கு மேல வச்சு மூக்கு வடிவம் பிடிக்கிறது. அந்தத் தகட்டைப் பிரிச்சு நெற்றியில பரப்பிச் சுத்திக் கோடு போடறது. கோட்டுவழியாத் தோலை உரிக்கிறது. ஆனா ரெண்டு கண்ணுக்கும் நடுவுல ஒரு சின்னத் துண்டு மட்டும் அறுக்காம விட்டுடணும். அந்தத் தோலை அப்படியே திருப்பிக் கீழே மடக்கி, மூக்கு இருந்த இடத்துல வெட்டிவச்ச ஓரத்துல பொருத்தறது. தையல் கிடையாது. ஒட்டறதுக்குக் காசுக்கட்டி! நம்ம வெத்தலைப் பெட்டியில இருக்கிற அதே சரக்கு. தண்ணியில குழைச்சுத் துணியில தடவி அஞ்சாறு துண்டு மேல மேல போட்டு ஒட்டியிருக்கார். நாலு நாள் கழிச்சு அதை எடுத்துட்டு நெய்யில நனைச்ச துணி. அஞ்சாறு நாள் மல்லாந்தே படுத்திருக்கணும். பத்தாம் நாள் மூக்குத்துவாரம் மூடிடாம இருக்க மெல்லிசுத் துணி திணிக்கிறது.

அப்புறம் வருது அந்த எண். சுமார் இருபத்தஞ்சாம் நாள், கண்ணுக்கு நடுவுல விட்டுவச்ச தோல்துண்டை அறுக்கறது.

ஏன் இருபத்தஞ்சு? முதல் நாளே அறுத்தா என்ன? நெற்றித்தோலுக்கு ரத்தம் அந்தச் சின்னப் பாலம் வழியாத்தான் வருது. புது இடத்துலேருந்து ரத்தக்குழாய் முளைச்சு அந்தத் தோலுக்குள்ள ஓடறவரைக்கும் பாலத்தை அறுத்தா, மொத்த மூக்கும் கறுத்து அழுகி விழுந்துடும். நாத்து வேர் பிடிக்கிற கணக்குதான். அந்த செங்கல்காரருக்கு ரத்தக்குழாய் பேரெல்லாம் தெரிஞ்சிருக்காது. ஆனா எத்தனை நாள் பொறுக்கணும்னு தெரிஞ்சிருக்கு. இதுக்கு ரெண்டு நூற்றாண்டு முன்னாடி, 1597-ல் இத்தாலியில போலோனா நகரத்து டாக்டர் தாலியாகோட்சி வேற முறையை எழுதினார். நெற்றிக்குப் பதிலா மேல்கைத் தோல். கையைத் தலையோட சேர்த்துக் கட்டிப்போட்டு, மூக்கைக் கையோட ஒட்டவச்சு, சுமார் இருபது நாள் கழிச்சுப் பிரிக்கிறது. அவருக்கும் புனேகாரருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனா கணக்கு கிட்டத்தட்ட ஒண்ணு. இன்னிக்கும் புற்றுநோய்ல மூக்கு போனவங்களுக்கு நெற்றித்தோல் எடுத்து வைக்கிறாங்க. பாலத்தை அறுக்கறது பெரும்பாலும் மூணு வாரத்துல. மயக்கமருந்து வந்தது, ஆன்டிபயாட்டிக் வந்தது, மைக்ராஸ்கோப் வந்தது. அந்த மூணு வாரத்தை யாராலயும் பெரிசாச் சுருக்க முடியலை.

பஞ்சாங்கம் பார்த்த ஆச்சியையும் நான் கிண்டல் பண்ணலை. சுஸ்ருத சம்ஹிதையே நாள் பார்க்கச் சொல்லுது. நல்ல திதி, கரணம், முகூர்த்தம், நட்சத்திரம் பார்த்துத்தான் கத்தியை எடுக்கணுமாம். இதே நூல்லதான் இலையால மூக்கை அளந்து, கன்னத்துத் தோலை எடுத்து ஒட்டி, மூச்சுவிட ரெண்டு ஆமணக்குத் தண்டுக் குழாய் வைக்கிற முறையும் இருக்கு. ஆனா அவர் வெறும் நட்சத்திரத்தோட நிக்கலை. கட்டுப் பிரிக்கிறதுக்குப் பருவத்தையும் பார்க்கிறார். பனிக்காலத்துலயும் வசந்தத்துலயும் மூணு நாளைக்கு ஒருதடவை, வெயில்லயும் மழையிலயும் ரெண்டு நாளைக்கு ஒருதடவை. உயிர் போற அவசரம்னா இந்த விதியெல்லாம் பார்க்காதே, வீடு பத்தி எரியறப்ப தண்ணி ஊத்தற மாதிரி உடனே செய்னும் சொல்லிட்டார். ஆக நாள் பார்க்கறது அவசரம் இல்லாத வேலைக்கு. மருமகள் மூக்கு அந்த வகைதானே!

அந்த லண்டன் பத்திரிகையைப் படிச்ச ஒருத்தர் பொறுத்த கதை இன்னும் நீளம். ஜோசப் கார்ப்யூங்கற சர்ஜன். இந்தியாவுலேருந்து திரும்பினவங்களை எல்லாம் விசாரிச்சு, பிணங்கள்ல செஞ்சு பழகி, உயிருள்ள ஒரு மூக்குல கை வைக்க 1814 அக்டோபர் 23 வரைக்கும் காத்திருந்தார். இருபது வருஷம். முதல் ஆள் ஒரு ராணுவ அதிகாரி, பாதரச மருந்து சாப்பிட்டு மூக்கு போனவர். ரெண்டாவது ஆள் 1811-ல் ஆல்புவேரா போர்ல கொடியைக் காப்பாத்தப்போய் முகம் சிதைஞ்ச கேப்டன் லேதம். மயக்கமருந்து 1846-லதான் வரப்போகுது, அதனால ரெண்டு பேரும் முழிச்சிருந்தே தாங்கிக்கிட்டாங்க. 1816-ல் கார்ப்யூ இதைப் புத்தகமாப் போட, ஐரோப்பா முழுக்கப் பரவிச்சு.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் மூக்கு இல்லாதவங்களுக்கு. இருக்கிற மூக்கை அழகாக்கற வேலை ரொம்பப் பின்னாடி வந்தது. அமெரிக்காவுல ஜான் ரோ 1887-லயும், பெர்லின்ல ஜாக் ஜோசப் 1898-லயும் ஆரம்பிச்சாங்க. அதுல நெற்றித்தோல் இல்லை, பாலம் இல்லை. உள்பக்கமாத் திறந்து, குருத்தெலும்பைச் செதுக்கி, தேவைப்பட்டா எலும்பை உடைச்சுச் சேர்த்து வைக்கிறாங்க. ரெண்டு மூணு மணி நேர வேலை. அப்ப இருபத்தஞ்சு நாள் போதுமேன்னு தோணும். மருமகளும் அதைத்தான் கேட்டாள்.

போதாது. தோலை எலும்புலேருந்து பிரிச்சாலே வீங்கும். மூக்கு மேல வைக்கிற பட்டையை ஒரு வாரத்துல எடுப்பாங்க. கண்ணைச் சுத்தி நீலம் பாரிச்சது போக ரெண்டு வாரம். உடைச்ச எலும்பு கெட்டியாக ஆறு வாரம், அதுவரைக்கும் கண்ணாடியைக்கூட மூக்குல தாங்க விடமாட்டாங்க. ஒரு மாசத்துல பார்க்கிறவங்களுக்கு வீக்கம் தெரியாது, ஆனா கேமராவுக்குத் தெரியும். நுனி கடைசி வடிவத்துக்கு வர ஒரு வருஷம், தடிச்ச தோலா இருந்தா (நம்ம பக்கத்துத் தோல் பெரும்பாலும் அப்படித்தான்) அதுக்கும் மேல. பிடிக்கலை, திருத்தணும்னாலும் ஒரு வருஷத்துக்கு முன்னாடி நல்ல டாக்டர் யாரும் தொடமாட்டாங்க. வீங்கின மூக்கைப் பார்த்து எதைத் திருத்தறது?

இதுல நம்ம கல்யாணத்தை வச்சுப் பாருங்க. ஹோமப்புகை, கழுத்தை மறைக்கிற மாலை, அழுகை, ரெண்டு நாள் தூக்கமில்லாம நிக்கறது, ஆளாளுக்குக் கன்னத்தைத் திருகறது. இருபத்தஞ்சாம் நாள் மூக்குக்கு இதெல்லாம் ஆகுமா? காவஸ்ஜி படத்தை ஜேம்ஸ் வேல்ஸ் வரைஞ்சது 1794 ஜனவரியில, ஆபரேஷன் முடிஞ்சு பத்து மாசம் கழிச்சு. உலகம் பார்த்த முதல் 'ஆபரேஷனுக்குப் பின்' படம் அதுவாத்தான் இருக்கும்னு என் நினைப்பு. அவங்ககூடப் பத்து மாசம் விட்டுத்தான் படம் எடுத்திருக்காங்க, நீ இருபத்தஞ்சாம் நாள் ஆல்பம் போடப் பாக்குறியேன்னு கேட்டேன் :-)

அவள் சிரிக்கலை.

"அம்மான், நாள் கணக்கு எனக்கும் புரியுது. ஆவணி நாலு வரைக்கும் இது என் மூக்கு. அப்பச்சிக்கிட்டயும் ஆத்தாக்கிட்டயும் சொன்னாப் போதும். அதுக்கு அப்புறம் எத்தனை பேர்கிட்ட கேக்கணும்? அவுக வீட்ல, எங்க மூக்கைப் பார்த்துத்தானே பொண்ணு எடுத்தோம், இப்ப என்ன மாத்தறேங்கிறன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

எனக்குப் பதில் வரலை. நான் இத்தனை நேரம் ரத்தக்குழாய்க்கு எத்தனை நாள்னு சொல்லிட்டிருந்தேன், அவள் வேற நாளை எண்ணிட்டிருந்திருக்கா. ஆத்தாகூட அன்னிக்கு அதுக்கு மேல மூக்குத்தியைப் பத்திப் பேசலை.

மறுநாள் காலையில அவளே முகப்புல நின்னு மாப்பிள்ளைக்கு போன் போட்டாள். தூண் மறைவுல நின்னு ஒட்டுக்கேட்டோம்னு சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன், உங்களைக் கேக்கலை, சொல்றேன், எப்பங்கறதுதான் கேள்வின்னு சொன்னாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாங்கன்னு எங்களுக்குக் கேக்கலை. திரும்பி வந்து, "எத்தனை நாள் லீவு போடணும்னு கேக்குறார்"னா. ஆச்சிக்குத்தான் முதல்ல அழுகை வந்தது.

ஆவணி நாலு காலையில அந்த மேட்டோடவே திருப்பூட்டியாச்சு. ஆல்பத்துல மேடு நல்லாவே தெரியுது. மாசியில ஆபரேஷன். மாப்பிள்ளை பத்து நாள் லீவு போட்டுக் கூடவே இருந்தார். அவுக வீட்ல ஒருத்தர் ரெண்டு பேர் முணுமுணுத்திருக்காங்க, அவர் பார்த்துக்கிட்டார்.

இது ஆடி. அஞ்சு மாசம் ஆச்சு. காலையில எந்திரிச்சா நுனி இன்னும் கொஞ்சம் கனமா இருக்குதாம், மத்தியானத்துக்குள்ள சரியாயிடுதாம். டாக்டர் இன்னும் சரின்னு சொல்லாததால வைர மூக்குத்தி ஆத்தாவோட பெட்டியிலதான் இருக்கு. ஆத்தா வாரத்துக்கு ஒருதடவை அதை எடுத்துத் துடைச்சு வச்சிடறாள்.