கண்ணுக்குத் தெரியாததை எடை போட்ட கதை

கருந்துளையைத் தராசில் வைக்க முடியாது. ஆனால் எடை தெரியாமல் அது கருந்துளைதான் என்று சொல்லவும் முடியாது! ஏனென்றால் சுமார் 3 சூரியன் எடைக்குள் இருந்தால் அது நியூட்ரான் நட்சத்திரமாகவும் இருக்கலாம். சிக்னஸ் எக்ஸ்-1 விஷயத்தில் இந்த 3 என்ற கோட்டை வைத்துத்தான் இவ்வளவு சண்டையும்.

1964-ல் அமெரிக்காவிலிருந்து ஏவிய ஒரு சிறு ராக்கெட், அன்னம் விண்மீன் கூட்டத்திலிருந்து எக்ஸ் கதிர் வருவதைக் கண்டது. 1971-ல் ரேடியோ தொலைநோக்கிகள் சரியான இடத்தைக் காட்டிக் கொடுத்தன. அங்கே இருந்தது எச்.டி.இ. 226868 என்ற நீல ராட்சத நட்சத்திரம். இங்கிலாந்தில் லூயிஸ் வெப்ஸ்டர், பால் முர்டின் இருவரும், கனடாவில் சார்லஸ் தாமஸ் போல்டனும் தனித்தனியே அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். நட்சத்திரம் 5.6 நாளுக்கு ஒரு சுற்று நம் பக்கம் வந்து விலகிப் போகிறது (டாப்ளர் விளைவு.. அதே ரயில் ஹாரன் சமாச்சாரம்தான்). ஏதோ ஒன்று அதைச் சுழற்றுகிறது, அந்த ஏதோ ஒன்றைக் காணோம்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. வேகமும் சுற்றும் காலமும் தெரிந்தால் ஒரே ஒரு சமன்பாடு கிடைக்கும். அதில் தெரியாதவை மூன்று: நட்சத்திரத்தின் எடை, துணையின் எடை, சுற்றுப்பாதையின் சாய்வு. நட்சத்திரம் 20 சூரியன் எடை என்று வைத்துக்கொண்டால், பாதை எப்படிச் சாய்ந்திருந்தாலும் துணை 3-ஐத் தாண்டிவிடும்.

அந்த 'வைத்துக்கொண்டால்'தான் ஓட்டை. 1973-ல் வர்ஜீனியா டிரிம்பிள் குழுவினர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அது ராட்சதனே இல்லை, அதே மாதிரி ஒளி தரும், எடை குறைந்த, கிட்டத்து நட்சத்திரம் என்றால்? துணையின் எடையும் மளமளவென்று சரிந்துவிடும். நியாயமான கேள்வி. அதே ஆண்டு வேறு சிலர், வழியில் உள்ள தூசி நட்சத்திர ஒளியை எவ்வளவு சிவப்பாக்கியிருக்கிறது என்று பார்த்து, அது பல ஆயிரம் ஒளியாண்டு தள்ளியே இருக்கிறது என்று காட்டினார்கள். ஓட்டை அடைபட்டது.

ஆனாலும் 1974-ல் ஸ்டீபன் ஹாக்கிங், இது கருந்துளை அல்ல என்று கிப் தோர்னிடம் பந்தயம் கட்டினார். கருந்துளைக்காகவே உழைத்தவர்! கேட்டால், அது ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசியாம்: கருந்துளை பொய்த்தாலும் பந்தயப் பத்திரிகையாவது கிடைக்குமே என்று. காமர்ஸ் மாணவர்கள் இதை 'ஹெட்ஜிங்' என்பார்கள் :-) 1990-ல் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

எடை மட்டும் நிலையாக நிற்கவில்லை. 2011-ல் தூரம் சுமார் 6,070 ஒளியாண்டு, எடை சுமார் 15 சூரியன் என்றார்கள். 2021-ல் ஹவாய் முதல் கரீபியன் வரை பரவிய 10 ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து அளந்ததில் தூரம் சுமார் 7,200 ஆனது. அவ்வளவு தள்ளியிருந்தும் இத்தனை பிரகாசம் என்றால் நட்சத்திரம் இன்னும் பெரியது, எடையும் அதிகம். அதனால் துணையும் 21 சூரியனுக்கு ஏறியது. மாறியது தூரம், ஏறியது எடை!

இதில் நட்சத்திர ஆய்வாளர்களுக்கும் ஒரு தலைவலி. ராட்சத நட்சத்திரங்கள் வாழ்நாள் முழுக்கக் காற்றாக எடையை ஊதித் தள்ளுபவை. 21 மிஞ்ச வேண்டுமென்றால், நினைத்ததை விடக் குறைவாகத்தான் ஊதியிருக்க வேண்டும்.